கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் படிக்கட்டும்

போன மாதம் ஆரணி கிளை நூலகத்துக்குப் போயிருந்தேன். என் நாற்காலியில் இப்போது இருக்கும் நூலகர் சின்னப் பெண். நன்றாக வேலை செய்கிறார். புதிதாக வந்த ஏற்பாடு ஒன்றைக் காட்டினார். புத்தகத்தின் உள்ளட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று ஒட்டியிருக்கிறது. வாசகர் அதைத் தன் செல்போனில் பிடித்தால் நட்சத்திரம் போடலாம், கருத்தும் எழுதலாம். ஏதோ ஒரு நாவலுக்கு ஒற்றை நட்சத்திரமாக விழுந்துகொண்டிருக்கிறதாம். போடுகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்தை எடுத்துப் போகவே இல்லையாம். "உங்க காலத்துல இப்படி வந்தா என்ன மேடம் பண்ணுவீங்க?" என்று கேட்டார். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் "உங்க காலம்" ஆகிவிட்டது. அந்த வருத்தத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நூலகம் மூடும் நேரம் வந்துவிட்டதால் பாதியில் விட வேண்டியதாயிற்று. முழுக்கதையை இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலூரில் சான்றிதழ் படிப்பு, தெள்ளாரில் ஊர்ப்புற நூலகம், பிறகு கலசப்பாக்கம், கடைசியாக ஆரணி. புத்தகத்துக்கு எண் கொடுப்பது எப்படி, முத்திரை எந்தப் பக்கத்தில் குத்துவது, கரையான் வந்தால் என்ன செய்வது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். வாசகரை என்ன செய்வது என்று மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை.

ஆரணி வாசகர்கள் கருத்துச் சொல்வதில் கஞ்சத்தனம் பார்க்காதவர்கள். நாவலின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் "முடிவு சரியில்லை" என்று ஒருவர் எழுதுவார். அதற்குக் கீழே இன்னொருவர் "நீ எழுதியிருந்தால் கிழித்திருப்பாய்" என்பார். மூன்றாமவர் "இரண்டு பேரும் போய் வேலையைப் பாருங்கள்" என்று தீர்ப்புச் சொல்வார். அதையெல்லாம் அழிப்பது என் கடமை. அழித்தேன், முதலில் படித்துவிட்டு.

இன்னொரு பழக்கமும் இங்கே உண்டு. பட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கையும் காலும் கண்ணும் வேலையில் இருக்கும்; காது மட்டும்தான் சும்மா இருக்கும். அதனால் கைத்தறி வீடுகளில் ஒருவர் தறியோரமாக உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார், நெய்கிறவர் கேட்டுக்கொண்டே நெய்வார். உறுப்பினர் அட்டை ஒன்றுதான், வாசகர்கள் நாலு பேர். சில வீடுகளில் அண்டை வீட்டுத் தறியையும் நிறுத்திவிட்டு வந்து கேட்பார்களாம். இந்தக் கணக்கை நான் மேலே அனுப்பும் அறிக்கையில் காட்ட முடியாது. ஆனால் எனக்குத் தெரியும், அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அப்போது எங்கள் மாவட்ட நூலக அலுவலராக இருந்தவர் தணிகாசலம் சார். சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்குவார். என் நாற்காலியில் உட்கார மாட்டார், வாசகர் பெஞ்சில்தான் உட்காருவார். அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து ஏதாவது ஒரு புத்தகத்தை உருவுவார். அந்தத் தட்டுக்குத்தான் யாரும் குனிய மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புத்தகத்தின் மேல்விளிம்பில் விரலை ஓட்டுவார். என்னுடைய முதல் ஆய்வின்போது விரலில் தூசி வந்தது. தன் கைக்குட்டையை எடுத்து அந்தத் தட்டு முழுவதையும் துடைத்தார். அழுக்கான கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

யார் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டாரோ என்று நினைப்போம். பேசி முடித்ததும் கண்ணைத் திறந்து, "சரிம்மா, இது எழுத்துல இருக்குதா?" என்பார். எழுத்தில் இல்லாததற்கு அவரிடம் பதில் கிடையாது. மாவட்டத்தில் இருந்த நூலகர்கள் எல்லோரும் அவருக்கு அந்தக் கேள்வியையே பட்டப்பெயராக வைத்திருந்தோம்.

இனி அந்த நாவல். பெயர் வேண்டாம், எழுதியவர் பெயரும் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையைக் கூடப் படிக்கும் பிள்ளைகளே சேர்ந்து அடிக்கிறார்கள். மதிய இடைவேளையில் பின்பக்கப் படிக்கட்டில், சீருடை மூடுகிற இடமாகப் பார்த்துக் காம்பஸ் முனையால் குத்துகிறார்கள். ஆசிரியர்களுக்கு அரைகுறையாகத் தெரியும். விளையாட்டு என்று விட்டுவிடுகிறார்கள். கடைசியில் அந்தப் பிள்ளை என்ன ஆகிறது என்பதுதான் கதை. நான் படித்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நல்ல நாவல் என்றும் தோன்றியது, இதை யாருக்கும் சிபாரிசு செய்யத் தைரியம் வராது என்றும் தோன்றியது.

கல்லூரிப் பிள்ளைகள் எடுத்துப் போனவரைக்கும் ஒரு வம்பும் இல்லை. யாரோ அந்தப் படிக்கட்டு வருகிற பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, "அரசு நூலகம் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதைப் பாருங்கள்" என்று எழுதிவிட்டார். ஊர் முழுக்கச் சுற்றியது. பட்டு வியாபாரி ஒருவர் நேரில் வந்து, புத்தகத்தை எடுக்காவிட்டால் என்னைச் சேத்துப்பட்டுக்கு அந்தாண்ட தூக்கிப் போட வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் படுக்கையாக மாமியார். மாற்றல் வந்தால் அவரை யார் பார்ப்பது என்று பயந்தேன். அதே சமயம், மிரட்டுகிறார் என்பதற்காகவே அந்தப் புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று ஒரு வீம்பும் வந்தது.

அந்த வாரமே மனு வந்தது. ஊரில் ஒரு தனியார் பள்ளி. அதன் தலைமையாசிரியை சுகுணா கொண்டுவந்து கொடுத்தார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுகுணா வம்புக்கு வருகிறவர் இல்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் பழைய உறுப்பினர், தன் வீட்டுப் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்தவர். பிள்ளைகள் படித்துவிட்டு அதேபோலச் செய்து பார்ப்பார்களே என்று உண்மையாகவே பயந்தார். மனுவில் அந்தப் பட்டு வியாபாரி உட்படப் பெற்றோர்கள் நிறையப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாவலை நூலகத்திலிருந்து நீக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வரி: "இப்படிப்பட்ட கொடுமைகள் நம் ஊர்ப் பள்ளிகளில் நடப்பதில்லை என்பதைப் பெற்றோர்களாகிய நாங்கள் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறோம்."

இந்தத் தடவை எழுத்தில் இருந்தது. தணிகாசலம் சார் வந்தார். மனுவை இரண்டு முறை படித்தார். கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு சுகுணாவிடம், நாவலைப் படித்தீர்களா என்று கேட்டார். அந்தப் பக்கத்தை மட்டும் போனில் பார்த்ததாக அவர் மறைக்காமல் சொன்னார். மற்றவர்கள்? அவர்களும் அப்படித்தான் என்றார். சார் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டவங்க எல்லாம் படிக்கட்டும்மா. வரிசையா குடுக்கச் சொல்றேன். படிச்சி முடிச்சவங்க கூட்டத்துல கருத்து சொல்லட்டும். முடிக்காதவங்க பேச வேணாம். அதுக்கப்பறம் வெக்கிறதா எடுக்கிறதான்னு முடிவு பண்ணலாம்."

அதுவரைக்கும் புத்தகம் பொது அலமாரியில் இருக்காது என்றும் சொன்னார். மாவட்டத்தில் இருந்த மற்றப் பிரதிகளையும் ஆரணிக்கு வரவழைத்தார். எதிர்த்தவர்களுக்குச் சந்தோஷம், அலமாரியில் புத்தகம் இல்லை. எனக்கும் சந்தோஷம், புத்தகம் ஊருக்குள் போய்க்கொண்டே இருந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் நாவல் வேண்டும் என்பதற்காகவே மனுவில் கையெழுத்துப் போட வந்து நின்றான். அவனை விரட்டப் பெரும்பாடு பட்டேன்.

அந்த மாதங்களைப் போல வேலையில் எனக்கு ருசி தந்த காலம் வேறு இல்லை. பட்டு வியாபாரி மறுநாளே புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, பூராவும் முடித்துவிட்டேன் என்றார். அந்தப் பிள்ளைக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்று கேட்டேன். "அதான், ஆகுது" என்றார். மறுபடி எடுத்துப் போகச் சொன்னேன். முறைத்துக்கொண்டே எடுத்துப் போனார். இந்தத் தடவை படித்தும்விட்டார். விளையாட்டு ஆசிரியர் ஒருவர், இது ஆசிரியர் குலத்துக்கே அவமானம், ஆனால் அதில் வருகிற கணக்கு வாத்தியாரை மட்டும் அச்சு அசலாக எழுதியிருக்கிறான் என்றார். மளிகைக்கடைக்காரர் மனைவி புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சுகுணா மட்டும், பொதுத்தேர்வு நெருங்குகிறது, என்னைக் கடைசியாகப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

வளர்மதி என்று ஒரு நெசவாளர். அவருடைய மகள் நித்யா சுகுணாவின் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. வளர்மதியும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்தான். எடுத்துப் போன புத்தகம் தவணை தாண்டியும் வரவில்லை. நினைவூட்டு அட்டை போட்டேன், பதில் இல்லை. கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. படித்துவிட்டுக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, நேராக அவர் வீட்டுக்கே போனேன்.

வளர்மதி தறியில் இருந்தார். பள்ளிக்கூடம் நடக்கிற நாள், ஆனால் நித்யா உள்ளறையில் படுத்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்றேன். வயிற்றுவலி என்று சொல்லி வாரக்கணக்கில் பள்ளிக்குப் போகவில்லையாம். டாக்டர் ஒன்றும் இல்லை என்றாராம். நான் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். வளர்மதி கையை நிறுத்தாமல், தலையையும் நிமிர்த்தாமல் பேசினார்.

"தறில உக்காந்துகினு நான் எங்க மேடம் படிக்கிறது? நித்யாதான் தினம் சாயந்திரம் படிச்சிகினு வந்தா. நல்லாத்தான் படிச்சா. அந்தப் பின்பக்கப் படிக்கட்டு வருது பாருங்க, அங்க நிறுத்திட்டா. மேல படிடின்னேன். மாட்டேன்னா. தொண்ட வலிக்குதான்னு கேட்டேன். இல்லன்னா. அப்பறம் சட்டக் கைய ஏத்திக் காட்னா."

தறி நின்றது. முழங்கைக்கு மேலே, சீருடை மூடுகிற இடத்தில்தான் காயங்கள் என்று சொன்னார். கூடப் படிக்கிற பெண்கள் மூன்று பேர். வெளியே சொன்னால் இன்னும் மோசமாகும் என்று மகள் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். பள்ளியில் போய்ச் சொல்லலாமே என்றேன். அதற்கு அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"எப்படி மேடம் சொல்றது? பேரண்ட்ஸ் மீட்டிங்ல பேப்பர நீட்னாங்க, எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். இப்படியெல்லாம் நம்மூர்ல நடக்கறதே இல்லன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துகிறேன். இப்ப நானே போயி நடக்குதுன்னா யாரு நம்புவாங்க?"

உள்ளறையில் நித்யா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தூங்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இதுவரைக்கும் ஒரு புத்தகத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் திரும்பப் பள்ளிக்குப் போவாளா மாட்டாளா என்பதற்கு முன்னால் அந்தக் கவலை எனக்கு அற்பமாகப் பட்டது. புத்தகத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன், வற்புறுத்தவில்லை.

வெளியே வந்ததும் தணிகாசலம் சாருக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லாமல், ஒரு வாசகர் பாதியில் நிறுத்திவிட்டார், காரணம் இன்னது என்று மட்டும் சொன்னேன். போனிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டிருப்பார் போல. "நீங்க எதையும் சொல்லிக் குடுக்காதீங்கம்மா. அவங்க வந்தா வரட்டும்" என்றார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்திலேயே கூட்டம். பெஞ்சு போதாமல் பக்கத்துக் கடையிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டோம். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். படிக்கும் முன்பு எல்லோரும் ஒரே வரியைச் சொன்னவர்கள், படித்த பிறகு ஆளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். பெரியவர்கள் படிக்கலாம், பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றார் ஒருவர். பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான், பெரியவர்கள்தான் படிக்க வேண்டும் என்றார் மளிகைக்கடைக்காரர் மனைவி. விளையாட்டு ஆசிரியர் மறுபடி கணக்கு வாத்தியாரைப் பற்றியே பேசினார். பட்டு வியாபாரி, எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் நம் ஊரில் நடக்காததை எழுதுவதால் ஊர்ப்பெயர் கெடுகிறது என்றார். சுகுணா இன்னும் படிக்கவில்லை என்பதால், விதிப்படி, பேசாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வளர்மதி கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். புத்தகத்தை முந்தானைக்குள் வைத்திருந்தார். முடித்தீர்களா என்று நான் கேட்க வேண்டும், அது என் பொறுப்பு. கேட்டேன். இல்லை என்றார். உடனே பட்டு வியாபாரி, முடிக்காதவர்கள் பேசக் கூடாது என்று சார்தானே சொன்னார் என்று எழுந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. வளர்மதி உட்காரப் போனார்.

தணிகாசலம் சார் கண்ணைத் திறந்தார். "ஆமாங்க. முடிக்கலன்னா புத்தகத்தப் பத்திக் கருத்து சொல்ல முடியாது. ஆனா ஏன் முடிக்கலன்னு நாம கேக்கலாம். அது விதியில தடை இல்ல." பிறகு வளர்மதி பக்கம் திரும்பி, "ஏம்மா முடிக்கல?" என்று கேட்டார்.

வளர்மதி நின்றபடியே இருந்தார். குரல் பெரிதாக வரவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"எம் பொண்ணுதாங்க எனக்குப் படிச்சிக் காட்னா. பாதிக்கு மேல அவளால படிக்க முடியல. அதுல வர்றது அவளுக்கு நடந்துகினு இருக்குது. நடக்கறதில்லன்னு நான் கையெழுத்துப் போட்டுட்டேங்க. அத திருப்பிக் குடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

எந்தப் பள்ளி என்று யாரோ கேட்டார். அந்தக் கேள்வி இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம் என்று சார் அடக்கினார். பட்டு வியாபாரி நின்றுகொண்டிருந்தவர் மெதுவாக உட்கார்ந்தார். எந்தப் பள்ளி என்பது சுகுணாவுக்குத் தெரியாமல் இருக்குமா? அவருடைய முகம் வெளுத்துப் போயிருந்தது. எழுந்து கடைசி வரிசைக்கு நடந்து போனார். சண்டைக்குப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

"வரிசையில அடுத்தது நான்தான். புக்க என்கிட்டயே குடுத்துடுங்க" என்றார் வளர்மதியிடம்.

நூலக விதிப்படி, கை மாற்றிக் கொடுக்க முடியாது. புத்தகத்தை வாங்கி வளர்மதி பெயரில் வரவு வைத்தேன், சுகுணா பெயரில் தேதி முத்திரை குத்தினேன். முத்திரை கோணலாக விழுந்தது. புத்தகத்தின் நடுவில், நித்யா நிறுத்திய இடத்தில், பச்சைப் பட்டு நூல் ஒன்று அடையாளமாக இருந்தது. சுகுணா அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. அப்படியே மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

நாவலின் கதி என்ன என்று கேட்பவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். மனு திரும்பப் பெறப்பட்டது, எழுத்தில். புத்தகம் அலமாரிக்கு வந்தது. என்னை யாரும் எங்கேயும் தூக்கிப் போடவில்லை. ஆரணியிலேயே ஓய்வு பெற்றேன். கூட்டம் நடந்த அன்று சாரை பஸ் ஏற்றிவிடப் போனபோது, அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கடைசித் தட்டுல தூசி இல்லம்மா" என்றார். அந்த மனிதரின் கீழ் வேலை பார்க்கக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். அவருக்கு அன்றைக்கே நன்றி சொல்லியிருக்கலாம், பஸ் கிளம்பிவிட்டது. வளர்மதிக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். நான் இத்தனை வருடம் அடுக்கிவைத்த புத்தகங்களுக்கு என்ன பயன் என்று யாராவது கேட்டால் அவர் எழுந்து நின்றதைத்தான் சொல்வேன்.

கூட்டம் முடிந்து ஓரிரு நாள் இருக்கும். காலையில் நூலகத்தைத் திறந்துகொண்டிருந்தேன். சீருடையில், தோளில் பையோடு நித்யா வந்து நின்றாள். பள்ளிக்கு என்று அம்மா அனுப்பியிருக்கிறார், கால் இங்கே கொண்டுவந்துவிட்டிருக்கிறது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்று, எச்.எம். மேடம் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

"அந்த எடத்துக்கு வந்திருப்பாங்களா மேடம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். பொய் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அவள் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் பள்ளிக்கூடம்.

"சரி மேடம். நானே போயி கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமாக நடந்தாள்.